கை அப்படிப் போச்சு

நீலமுனைத் துறைமுகத்தில் டெல்பின் மச்சாதுவைப் பாராட்டுவது அவ்வளவு லேசான காரியம் அல்ல. நேருக்கு நேர் நின்று "பிரமாதமாப் பண்ணீட்டிய" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த தோட்டத்து மாங்காயோடு கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அவள் முகம் ஆகிவிடும். "நான் என்ன பண்ணுனேன்" என்று முனகிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஊர் இதற்குத் தன்னடக்கம் என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைக்கிற வேலையில் ஊர் அவ்வளவாக மெனக்கெடுவதில்லை.

அவள் துறைமுகத்தில் பைலட். விமானம் ஓட்டுகிற பைலட் இல்லை. வெளியூர்க் கப்பல் எதுவும் தானாகத் துறைமுகத்துக்குள் வந்துவிட முடியாது. உள்ளூர்க் கடலை அறிந்த ஒருவர் சின்னப் படகில் போய், ஓடுகிற கப்பலின் விலாவில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழிசொல்லிக் கொண்டுவந்து கட்டித்தர வேண்டும். கப்பலுக்கு முன்னும் பின்னும் வடம் போட்டு நிற்கும் இழுவைப் படகுகளுக்கு வாக்கிடாக்கியில் உத்தரவு கொடுப்பதும் அவர்தான். போன வருடம் மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு மதியத்தில், சுக்கான் செத்துப்போன எரிவாயுக் கப்பல் ஒன்றை டெல்பின் இழுவைப் படகுகளை மட்டும் வைத்தே உள்ளே கொண்டுவந்து சேர்த்தாள். அது அலைதடுப்புச் சுவரில் மோதியிருந்தால் நீலமுனை என்ற ஊரை இன்று படத்தில்தான் பார்த்திருப்போம்.

அதற்கு விருது கொடுத்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "இது என் கை இல்ல, மூலவர் கை. நன்றிய அங்க சொல்லிக்கோங்க." அரங்கம் இன்னொரு தடவை கைதட்டியது.

மூலவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கைப்பதிவு என்ற விஷயம் வந்து அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. தொழிலில் தேர்ந்த ஒருவர் ஆறு மாதம் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்வார். அவர் மூளையில் எப்போது எது மின்னுகிறது என்பதைத் தொப்பி பிடித்து வைத்துக்கொள்ளும். அதை அப்படியே புதியவர் ஒருவரின் மூளையில் பதித்தால், இருபது வருடப் பழக்கம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கண் அறுவை செய்பவர், கிரேன் ஓட்டுபவர், கல்யாணச் சமையல்காரர் என்று பாதி நாடு பதிவில்தான் ஓடியது. கொடுத்தவரை மூலவர் என்றும் வாங்கியவரை உற்சவர் என்றும் யாரோ ஒரு குறும்புக்காரர் சொல்லப்போய் அதுவே நிலைத்துவிட்டது. மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். வீதியுலா போய் மாலை வாங்குகிறவர் உற்சவர். கல்யாணத் தரகர்கள்கூட "பையனுக்குச் சொந்தக் கை" என்று தனியாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

டெல்பின் உற்சவர். பத்து வருடத்துக்கு முன் அவள் தலையில் பதிந்தது கேப்டன் வேதமாணிக்கத்தின் கை. பக்கத்துத் துறைமுகத்துக்காரர்; அந்தக் கடற்கரையிலேயே சிறந்த பைலட் அவர்தான். அன்று முதல் அவள் நன்றாகச் செய்த எதுவும் அவளுக்குத் தன்னுடையதாகத் தோன்றவில்லை. என்றைக்காவது ஒருநாள் யாராவது தோளைத் தட்டி "போதும், இறங்கு" என்று சொல்லிவிடுவார்கள் என்று உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. அந்தக் கடற்கரைத் துறைமுகங்களில் ஒரு வழக்கம் உண்டு. காற்றில் வாக்கிடாக்கிக் குரல் தேய்ந்துபோகும் என்பதால், பைலட் ஒவ்வோர் உத்தரவு கொடுத்ததும் இழுவைப் படகு ஒரு குட்டி ஊதல் ஊதும். கேட்டது, தயார் என்று அர்த்தம். ஊதலைக் கேட்காமல் அடுத்த உத்தரவு கொடுக்கக் கூடாது. டெல்பின் ஊதலைக் கேட்ட பிறகும் "ரெடியா?" என்று இன்னொரு தடவை கேட்கிறவள். படகுக்காரர்கள் அவளுக்கு 'ரெண்டு ஊதல் அக்கா' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவள் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஊதலுக்குக் காத்திராமல் அடுத்த உத்தரவைக் கொடுத்தாள். பின்படகின் வடம் தொய்ந்து, விண்ணென்று இறுகி, அறுந்து, லூர்து என்ற படகுக்காரரின் வலது காலை வாங்கிவிட்டது.

விசாரணையில், ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டார்கள். "தெரியல. கை அப்படிப் போச்சு," என்றாள் டெல்பின்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பிழை மூலப் பதிவில் என்று தீர்ப்பாயிற்று. வேதமாணிக்கத்தின் பதிவைத் தடைசெய்தார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று அவருடைய துறைமுகம் அவரிடம் மரியாதையாகச் சொன்னது. அவர் திரும்பி வரவேயில்லை. டெல்பினை இரண்டு நாள் நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவைச் 'சரிசெய்து' மறுபடியும் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது, விருதுக்குப் பிறகு, துறைமுகத்திலிருந்து புதிதாக ஒரு வேண்டுகோள் வந்தது. பன்னிரண்டு இளம் பைலட்டுகளுக்குப் பதிய வேண்டும், உங்கள் கையைத் தாருங்கள், இனி நீங்களே மூலவர் என்றார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவல் வாங்கிய நகையை யாராவது மகளுக்குச் சீராக வைப்பார்களா? அந்த நகையில் ஒரு காலை வாங்கிய முள் வேறு இருக்கிறது.

புதன்கிழமை காலையில் பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறினாள். கைப்பதிவு செய்கிற 'வித்தகம்' நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் அங்கே இருந்தது. அங்கே மூளைத்தடம் பார்க்கிற ஆவுடையம்மாள் கல்லூரி விடுதியில் இவள் அறைத்தோழி.

"வாட்டி உற்சவரே," என்றாள் ஆவுடை. "மாலையெல்லாம் வாடிட்டா?"

"வெளையாடாத. எனக்கு ஒண்ணு தெரியணும். எங்கிட்ட அவரு எவ்வளவு, நான் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"பன்னெண்டு பிள்ளைகளுக்கு என் கையக் குடுக்கணுமாம். அவரு பங்கு போக மிச்சம் ஏதாச்சும் தேறுச்சுன்னா அத மட்டும் குடுக்கலாம்னு பாக்கேன். ஒண்ணும் தேறலன்னா மாட்டேன்னு சொல்லீருவேன்."

ஆவுடையின் கேலி சட்டென்று நின்றது. கதவைப் பார்த்தாள். "அடுத்த மாசம் வாயேன்," என்றாள்.

"சனிக்கெழமைக்குள்ள சொல்லணும்ட்டி."

ஆவுடை கதவைச் சாத்தினாள். தோழியின் தலையில் தொப்பியை மாட்டி, பயிற்சித் திரையின் முன் உட்காரவைத்தாள். திரையில் நீலமுனைத் துறைமுகம் விரிந்தது, காற்று, நீரோட்டம், இழுவைப் படகு சகிதமாக. டெல்பின் அடுத்தடுத்து மூன்று கப்பல்களைக் கட்டினாள். பக்கத்துத் திரையில் அவள் மூளை ஓடிக்கொண்டிருந்தது.

"மூலவர் தடம் செவப்பு. சொந்தத் தடம் நீலம்," என்றாள் ஆவுடை. "ஓடுனத இப்பப் போடுதேன், பாரு."

டெல்பின் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப்போட்டாள். தன் தலைக்குள் தானே எட்டிப் பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கப்பல் திரும்பப்போகிறது என்று கண் அறிவதற்கு முன்பே ஓரிடத்தில் நீலம் பற்றிக்கொண்டது. காற்று மாறிய இடத்தில் நீலம் கிளை கிளையாகப் பிரிந்தது. "இது என்ன, இங்க இவ்வளவு மினுங்குது?" என்று கேட்டாள்.

"நீ ரெண்டாந்தரம் ரெடியான்னு கேட்ட இடம். அந்த நேரத்துல அடுத்து எதெது தப்பாப் போகும்னு உன் மண்டை ஓட்டிப் பாக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும். நீ பயந்துக்கிட்டு நிக்கன்னு நெனச்சுக்கிட்டுருக்க. அது வேல செஞ்சுக்கிட்டிருக்கு."

"சரி, செவப்பு எங்க?"

ஆவுடை எழுந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆவுட, செவப்பு எங்கன்னு கேட்டேன். மிஷின் கோளாறா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. செவப்பு இல்ல. உங்கிட்ட மட்டுமில்ல, பழைய ஆளு யார்ட்டயும் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க வீட்ல தயிருக்கு உறை இல்லன்னா என்ன செய்வ? பக்கத்து வீட்ல ஒரு கரண்டி மோர் வாங்கி ஊத்துவ. மறுநாள் உன் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு. பத்து நாள் கழிச்சு அந்தத் தயிரு யாருது, பக்கத்து வீட்டுக்காரிதா? ஒண்ணர வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். அதுக்குள்ள மூலவர் தடம் கரைஞ்சு போயிரும். பொறவு இருக்கறதெல்லாம் நீயா உறைஞ்சதுதான்."

"அப்ப வருஷா வருஷம் பராமரிப்புன்னு கூப்ட்டு ஒக்கார வைக்கியளே?"

"எதப் பராமரிக்கோம்னு நானும் ஒருநாள் கேட்டேன். கேக்காதன்னாவ. கரைஞ்சு போகும்னு வெளிய தெரிஞ்சா வருஷச் சந்தா யாரு கட்டுவா?"

டெல்பின் சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆவுடையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே போய், எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு நின்றாள். சுக்கான் செத்த அந்தக் கப்பலை உள்ளே கொண்டுவந்தது நான். ஏணியில் ஏறும்போது கால் நடுங்கியதும் நான், மேலே போய் நடுங்காமல் நின்றதும் நான். எத்தனையோ வருடமாக வாடகை வீடு என்று நினைத்து ஆணி அடிக்கக்கூடப் பயந்த வீடு, சொந்த வீடு என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. முதல் வடையை நிஜமான பசியோடு தின்றாள்.

தெருவில் ஒரு மினிபஸ் குட்டியாக ஊதிவிட்டுப் போயிற்று.

டெல்பின் கையில் இரண்டாவது வடை அப்படியே நின்றது. பதிவு ஏறியது பத்து வருடத்துக்கு முன். கரைந்து போக இரண்டு வருடம். லூர்துவின் கால் போனது மூன்று வருடத்துக்கு முன். சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு.

அந்தச் சாயங்காலத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. உண்மையில் எப்போதும் நினைவிருந்தது. கப்பலின் கேப்டன், ஒரு கிரேக்கர், அவள் இரண்டாவது தடவை "ரெடியா?" என்று கேட்டபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவள் காது சூடாயிற்று. நான் என்ன கத்துக்குட்டியா, என் தலையில் இருப்பது வேதமாணிக்கத்தின் கை, அவர் இப்படித் தயங்கிக்கொண்டா நிற்பார் என்று தோன்றியது. அடுத்த உத்தரவுக்கு இரண்டாவது கேள்வியும் இல்லை, முதல் ஊதலும் இல்லை. அவராக நடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இதைத்தான் விசாரணையில் 'தெரியல' என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நல்லது எதுவும் என்னுடையது அல்ல என்று இருந்துவிட்டவளுக்கு, கெட்டது மட்டும் எப்படி என்னுடையதாகும் என்று சுலபமாக ஒரு நியாயம் அகப்பட்டுவிட்டது. தன்னடக்கம் ஒரு நல்ல போர்வைதான். அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆவுடை எழுந்துவிட்டாள்.

"லூர்து கால் போனப்ப எந்தலையில அவரு இல்ல."

"ம்."

"பொறவு ரெண்டு நாள் ஒக்கார வச்சு எதச் சரிபண்ணுனிய?"

"அத எங்கிட்டக் கேக்காத," என்றாள் ஆவுடை. பிறகு அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரு. இது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். லூர்துக்கு நஷ்டஈடு குடுத்தாச்சு, துறைமுகத்துல ஆபீஸ் வேல குடுத்தாச்சு. நீ இத்தன வருஷமா நம்மளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு செத்துச் செத்துப் பொழச்ச. இப்பத்தான் நல்ல சேதி வந்துருக்கு. நல்லத மட்டும் எடுத்துக்கிட்டுப் போயேன்ட்டி."

டெல்பினுக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. "பாதியத் தனியா எடுக்க முடியுமா ஆவுட? அந்த நீலத்துல அதுவும்தானே கெடக்கு."

ஆவுடை கையை விட்டாள். "சொல்லப் போறன்னா எம்பேரையும் சொல்லிக்க," என்றாள் கடைசியில். "சொல்லாம இருந்து இருந்து எனக்கும் அலுத்துப்போச்சு."

வேதமாணிக்கம் நாசரேத்துக்கு மேற்கே ஓர் ஊரில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார்; அன்று மதியமே டெல்பின் அங்கே போய்ச் சேர்ந்தாள். சுற்றிலும் செம்மண்ணும் பனையும்தான்; கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பத்துநான்கு வயது ஆள், மூட்டைகளுக்கு நடுவே இன்னும் மூத்தவராகத் தெரிந்தார். பதிவு ஏறிய நாளில் ஒரே ஒருதடவை பார்த்ததுதான். ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டு, கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"டெல்பினா? வா, வா. நானே வந்து ஒன்னப் பாத்துருக்கணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாறதுன்னு இருந்துட்டேன்."

"அண்ணாச்சி, நான் வந்தது..."

"இரு, நான் சொல்லீருதேன். மூணு வருஷமா சொல்லணும்னு வச்சிருக்கேன்." மூச்சுவிடாமல் பேசினார். "என்னாலதான் ஒனக்குக் கெட்ட பேரு. என் கையில கெடந்த கோளாறு ஒங்கிட்ட வந்து அந்தப் பையன் கால வாங்கிருச்சு. நான் ஊதல் கேக்காமத் திருப்புன ஆளு இல்ல தாயி. அப்படித்தான் நெனச்சிருந்தேன். தொப்பி மாட்டிருந்த ஆறு மாசத்துல ஏறுன கப்பல் ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்தாச்சு. எந்தக் கப்பல்ல, எந்தத் திருப்பத்துல விட்டேன்னு சிக்கவே மாட்டேங்குது. சிக்கலன்னா மறந்துட்டேன்னுதான அர்த்தம். தப்புப் பண்ணுனதே மறந்து போற ஆளு எத்தன தப்புப் பண்ணீருப்பான்? அந்த நெனப்பு வந்த பொறவு கப்பல்ல ஏற முடியல்ல. ஏணியப் பாத்தாலே கை விட்டுப்போகுது. என்ன மன்னிச்சிரு."

டெல்பினின் தோளில் பத்து வருடமாக உட்கார்ந்திருந்த பேய் இந்த மனிதரின் தோளிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏற்றிவிட்டவள் அவள்தான்.

"ஒங்களுக்குச் சிக்காது அண்ணாச்சி. ஏன்னா அப்படி ஒரு கப்பல் கெடையாது," என்றாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: ஆவுடையின் திரை, கரைந்து போகும் சிவப்பு, கடிகாரம் பார்த்த கிரேக்கர். "ஒங்க கைக்கு ஊதல் வேண்டாம்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஒங்கள மாதிரி நடிச்சேன். நீங்க அப்படி இல்லன்னுகூட எனக்குத் தெரிஞ்சிருக்கல. அவசரப்பட்டது நான்தான். விசாரணையில அத முழுங்குனதும் நான்தான்."

வேதமாணிக்கம் ஒரு தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். ஒரு பெண் வந்து குஞ்சுத் தீவனம் கேட்டாள். பிறகு வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"பின்படகு எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இடது பக்கம். கப்பல் முன்னால போய்க்கிட்டிருக்கப்பவே நான் படகப் பின்னால இழுக்கச் சொல்லீட்டேன்."

"ஊதல் வந்துச்சா?"

"வந்துச்சு. வடம் அறுந்த பொறவு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் காட்சி தன்னிடமிருந்து விலகிப் போவதை உள்ளே நின்று பார்க்கிறார் போலிருந்தது. திறந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் பைலட்டின் குரலாகியிருந்தது. "போன வருஷம் சுக்கான் செத்த கப்பலக் கொண்டு வந்தியே. டிவியில காமிச்சான். பாத்துட்டு, நம்ம கை அங்க இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன். அதும் ஒங்கையா?"

'நான் என்ன பண்ணுனேன்' என்பது பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. இந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்குகிறோமே என்றும் இருந்தது.

"ஆமா அண்ணாச்சி. ரெண்டும் நான்தான்."

அவர் தலையாட்டினார். "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்காத. இன்னைக்கு வரல்ல."

"கேக்க வரல அண்ணாச்சி."

"பொறவு? எங்கிட்டச் சொன்னதோட சரியா?"

"நாளைக்குக் காலையில விசாரணைய மறுபடி தெறக்கச் சொல்லப் போறேன். அந்தப் பன்னெண்டு பேருக்குக் கை வேணும்னா அதுக்குப் பொறவும் அவங்க கேக்கட்டும்."

"கேக்க மாட்டான். விசாரணையத் தெறந்தா மொதல்ல லைசன்ஸத்தான் புடுங்குவான். தெரியுமில்லா?"

"தெரியும்," என்றாள் டெல்பின். "போனா என் லைசன்ஸ்தான போகும்."

பத்து வருடத்தில் அதை அவள் 'என்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.